இருப்புப் பாதையிலிருந்து செயற்கைக்கோள் வரை: சென்னைக் கரையில் விமானிகள் வழி கண்ட வரலாறு

1932-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 15-ஆம் நாள் காலையில் கராச்சியிலிருந்து ஒரு சிறு விமானம் கிளம்பிற்று. ஒற்றை எஞ்சின் பூட்டிய அந்த விமானத்துக்கு ‘புஸ் மாத்’ என்று பெயர். சுமார் 25 கிலோ எடையுள்ள கடிதப் பைகளே அது சுமந்த சரக்கு. ஓட்டியவர் ஜே. ஆர். டி. டாட்டா. ஆமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து கடிதங்களைச் சென்னைக்குக் கொண்டுவரும் பொறுப்பை அவருடைய தோழர் நெவில் வின்சென்ட் ஏற்றார். இரவு பெல்லாரியில் தங்கிவிட்டு, மறுநாள் சென்னையை அடைந்தார்.

நம் நாட்டு விமானப் போக்குவரத்தின் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் இந்த நிகழ்ச்சியைக் குறிப்பிடுவார்கள். ஆனால் ஒரு கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. பெல்லாரியில் காலையில் எழுந்து விமானத்தில் ஏறிய மனிதருக்குச் சென்னை எங்கே இருக்கிறது என்பது எப்படித் தெரிந்தது? தரையில் போகிறவன் வழியில் நாலு பேரைக் கேட்டுக்கொண்டு போகலாம். ஆகாயத்தில் யாரைக் கேட்பது? அவருடைய விமானத்தில் வானொலிக் கருவி கிடையாது. மடியில் ஒரு வரைபடம், கண்ணெதிரே ஒரு காந்தத் திசைகாட்டி, கையில் ஒரு கடிகாரம். அவ்வளவுதான்.

இன்று அதே அளவுள்ள ஒரு சிறு விமானத்தை ஓட்டும் பயிற்சி மாணவன், ஒரு பலகை போன்ற கணிப்பொறியைத் தொடைமீது கட்டிக்கொண்டு பறக்கிறான். அதன் திரையில் வரைபடம் தானே நகர்கிறது. நடுவில் அவனுடைய விமானம் ஒரு சிறு படமாகத் தெரிகிறது. இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அந்த வரலாற்றில் வடசென்னைக் கரைக்கு, அதாவது இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிக்கு, நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்கு உண்டு.

ஒரு பாகை தவறினால்...

பெல்லாரிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 430 கி.மீ. தூரம். மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் போனால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வரைபடத்தில் இரு ஊர்களையும் ஒரு கோட்டால் இணைத்து, அந்தக் கோடு வடக்கோடு எத்தனை பாகை கோணம் செய்கிறது என்று அளந்து, திசைகாட்டியில் அந்தக் கோணத்தைப் பிடித்துக்கொண்டு பறந்தால் போதாதா?

போதாது. காற்று என்று ஒன்று இருக்கிறது. விமானம் காற்றில் மிதந்து செல்கிறது. காற்றோ தரைமீது நகர்ந்து செல்கிறது. ஆற்றைக் குறுக்கே நீந்திக் கடப்பவன், தான் நேரே நீந்துவதாக எண்ணிக்கொண்டே கீழ்நோக்கி இழுத்துச் செல்லப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் பக்கவாட்டிலிருந்து மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், ஒரு மணி நேரத்தில் விமானம் 30 கி.மீ. ஒதுங்கிவிடும். இதைச் சரிக்கட்ட விமானி தன் விமானத்தின் மூக்கைக் காற்று வரும் பக்கமாக ஏறக்குறைய 11 பாகை திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மேலே காற்றின் வேகம் எவ்வளவு என்பதைக் கிளம்பும்போது யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது.

அக்கால விமானிகள் ‘அறுபதுக்கு ஒன்று’ என்ற ஒரு கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 60 மைல் போவதற்குள் ஒரு பாகை தவறினால் ஒரு மைல் விலகியிருப்போம் என்பது அது. கி.மீட்டருக்கும் இதே கணக்குப் பொருந்தும். மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். பெல்லாரியிலிருந்து வருகையில் 5 பாகை பிழை ஏற்பட்டால், 430-ஐ 60-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்க, 36 கி.மீ. வருகிறது. பிழை வடக்குப் பக்கமாக நேர்ந்திருந்தால் விமானி பழவேற்காட்டுக் கரைக்குப் போய்ச் சேருவார். தெற்குப் பக்கமாக இருந்தால் கோவளத்தைத் தாண்டியிருப்பார். இரண்டு இடத்திலும் எதிரே தெரிவது ஒன்றுதான்: மணற்கரையும் அதற்கப்பால் வங்கக் கடலும். எரிபொருள் குறைந்துகொண்டு வரும்போது, இப்பொழுது இடப் பக்கம் திரும்புவதா வலப் பக்கம் திரும்புவதா என்பது உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும்.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. 1931-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சிசெஸ்டர் என்ற ஆங்கிலேயர், ‘ஜிப்ஸி மாத்’ என்ற சிறு விமானத்தில் தனியாக ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையேயுள்ள தாஸ்மன் கடலைக் கடந்தார். வழியில் கடல் நடுவே புள்ளிபோல் கிடக்கும் நார்போக் தீவையும் லார்டு ஹோ தீவையும் அவர் கண்டுபிடித்து இறங்க வேண்டியிருந்தது. நேரே தீவை நோக்கிப் போய்த் தவறவிட்டால், தீவு இடத்திலா வலத்திலா என்று தெரியாமல் கடலில் விழ வேண்டியதுதான். ஆகவே அவர் வேண்டுமென்றே ஒரு பக்கமாக ஒதுங்கிப் பறந்தார். குறித்த தூரம் வந்ததும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. பிழை செய்யாமல் இருக்க முடியாதபோது, பிழையின் திசையையாவது தெரிந்து வைத்துக்கொள்வது என்ற இந்த யோசனை எளியது. ஆனால் எவ்வளவு கூர்மையானது பாருங்கள்!

கரை சொல்லும் அடையாளங்கள்

மேற்கிலிருந்து வரும் விமானிக்குச் சென்னைக் கரையில் வடபகுதி நல்ல வழிகாட்டி. ஒரே நேர்கோடாக ஓடும் சோழமண்டலக் கரையில், விமானத்திலிருந்து பார்த்தவுடன் இன்ன இடம் என்று சொல்லத்தக்க அடையாளங்கள் மிகச் சிலவே. அவற்றில் பல இங்கே அடுத்தடுத்து அமைந்துவிட்டன. முதலில் பழவேற்காட்டு ஏரியின் பரந்த உப்புநீர்ப் பரப்பு. அதற்குத் தெற்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். கரைக்கு இணையாக நூல் பிடித்ததுபோல் ஓடும் பக்கிங்காம் கால்வாய். பிறகு திருவொற்றியூர், இராயபுரம், கடலுக்குள் இரு கைகளை நீட்டியதுபோன்ற துறைமுகம். அதை அடுத்துக் கூவத்தின் வாய். இவற்றுள் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் விமானிக்கு மூச்சு வந்துவிடும்.

கரையைத் தவிர இருப்புப் பாதையும் உதவிற்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது இராயபுரம் நிலையத்திலிருந்துதான் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. அந்தப் பாதை வாலாஜா சாலை வரை சென்றது. பின்னர் அரக்கோணத்திலிருந்து பிரிந்த கிளை ரேணிகுண்டா, கடப்பை வழியாகக் குந்தக்கல்லை எட்டியது. மேலிருந்து பார்க்கும்போது சாலைகள் மரங்களுக்குள் மறைந்துவிடும். ஆறுகள் கோடையில் மணலாகிவிடும். இருப்புப் பாதையோ எப்போதும் பளபளவென்று தெரியும். உலகெங்கும் அக்கால விமானிகள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பறந்தார்கள். வழி தவறினால் தாழப் பறந்து இரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையைப் படித்துக்கொள்வதும் உண்டு.

புகைபோக்கிகளையும் மறந்துவிடக் கூடாது. தொழிற்சாலையின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டு தரையருகே காற்று வீசும் திசையை விமானி அறிந்துகொள்வார். காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும் என்பதால் இது அவருக்கு மிகவும் தேவையான செய்தி. ஆனால் தாழப் பறப்பவருக்கு அதே புகைபோக்கி எமனாகவும் ஆகலாம். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ஆம் ஆண்டு முதல் 2017-ஆம் ஆண்டு வரை இயங்கிற்று. வடசென்னை அனல் மின் நிலையம் அத்திப்பட்டுப் பகுதியில் பின்னர் எழுந்தது. இவ்வளவு உயரமான புகைபோக்கிகளுக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி, இரவில் சிவப்பு விளக்கு ஏற்றி வைப்பது அழகுக்காக அன்று, விமானிகளின் கண்ணுக்காகத்தான்.

வரைபடமே தவறாக இருந்தால்?

இதுவரை வரைபடம் சரியானது என்று வைத்துக்கொண்டு பேசினோம். இந்தியாவின் வரைபடமே ஒரு காலத்தில் நாலரைக் கி.மீ. அளவுக்குக் கிழக்கே தள்ளிக் கிடந்தது என்றால் நம்புவீர்களா? அந்தப் பிழைக்குத் தாயகம் நம் சென்னைதான்.

1792-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வுக் கூடம் அமைத்தது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். நாட்டையே முக்கோணங்களாகப் பிரித்து இமயம் வரை அளந்து சென்ற மாபெரும் நில அளவைக்கு அதுவே வித்து. முக்கோண அளவையால் ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையேயுள்ள தூரத்தையும் திசையையும் வெகு நுட்பமாகச் சொல்லிவிடலாம். ஆனால் இந்த முக்கோண வலை முழுவதும் பூகோளத்தின்மீது எந்த இடத்தில் உட்கார வேண்டும்? அதற்கு ஏதாவது ஓர் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்திருக்க வேண்டும். அந்த இடமாகச் சென்னை வானாய்வுக் கூடத்தைக் கொண்டார்கள்.

அட்சரேகை காண்பது எளிது. விண்மீன்களின் உயரத்தை அளந்தால் போதும். தீர்க்கரேகைதான் தொல்லை. பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. கிரீனிச்சில் இப்போது மணி என்ன, சென்னையில் மணி என்ன என்ற வேறுபாடு தெரிந்தால் தீர்க்கரேகை கிடைத்துவிடும். ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள கிரீனிச்சின் மணியை எப்படி அறிவது? வானாய்வாளர் கோல்டிங்காம் வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தைக் குறித்து வைத்தார். எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் அவை ஒரே கணத்தில் மறைவதால், அவை வானத்தில் தொங்கும் ஒரு பொதுக் கடிகாரம் ஆகின்றன. இத்தகைய கணிப்புகளின் வழியே 80 பாகை 17 கலை 21 விகலை என்ற எண் நில அளவைக்கு அடிப்படையாயிற்று.

பிற்பாடு கடலடித் தந்தி வந்தது. மின்சாரம் ஒரு கணத்தில் மணியைக் கொண்டு சேர்த்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததில் சரியான எண் 80 பாகை 14 கலை 54 விகலை என்று தெரிந்தது. வேறுபாடு 2 கலை 27 விகலை. இதை நேரமாக மாற்றினால் பத்து விநாடிக்கும் சற்றுக் குறைவு. சென்னையின் அட்சரேகையில் தூரமாக மாற்றினால் சுமார் 4.4 கி.மீ. அந்தப் பத்து விநாடிதான் குமரி முதல் இமயம் வரை எல்லா ஊர்களையும் கிழக்கே தள்ளி வைத்திருந்தது!

இதனால் யாருக்கு என்ன கெடுதி நேர்ந்தது என்று கேட்கலாம். நிலத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஊர்கள் எல்லாம் சேர்ந்து நகர்ந்திருந்ததால் ஒன்றுக்கொன்று உள்ள உறவு மாறவில்லை. இருப்புப் பாதையைப் பார்த்துப் பறக்கும் விமானிக்கும் கவலை இல்லை. அவர் பூமியை வரைபடத்தோடு நேராக ஒப்பிடுகிறார். ஆனால் வானத்தைப் பார்த்து, கிரீனிச் நேரத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணிக்கும் மாலுமிக்கு, வரைபடத்தின் கரை ஓரிடத்திலும் மெய்யான கரை வேறிடத்திலும் இருக்கும். இடத்தை வானத்திலிருந்து பெறத் தொடங்கும்போதுதான் வரைபடத்தின் பிழை பல்லைக் காட்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இதே பிரச்சினை வேறு வடிவில் திரும்பி வந்தது.

விளக்கு எல்லாருக்கும் பொது

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஜெர்மானியப் போர்க் கப்பல் எம்டன் சென்னைக் கரையை நெருங்கிற்று. போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் நகரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் இயங்கிவந்த கலங்கரை விளக்கமும் எரிந்தது. தளபதி கார்ல் ஃபான் முல்லர் குறி பார்ப்பதற்கு வேறு உதவி தேவைப்படவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. நண்பனுக்கு வழி காட்டும் விளக்கு பகைவனுக்கும் வழி காட்டும் என்பதைச் சென்னை அன்று கற்றுக்கொண்டது.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை வேறு. நகரை இருட்டாக்கிவிட்டு, வடக்கே செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப் படையினர் ‘கேட்டலினா’ என்னும் நீர் விமானங்களை நிறுத்தினார்கள். 1942 முதல் 1945 வரை 240-ஆம் படைப் பிரிவு அங்கிருந்து வங்கக் கடலெங்கும் ரோந்து சுற்றிற்று. பத்துப் பதினைந்து மணி நேரம் கடல்மீதே பறக்க வேண்டிய அந்த விமானங்களில் இருப்புப் பாதை ஏது? அதற்கென்றே ஒருவர் உட்கார்ந்து, கோணமானியால் விண்மீன்களை அளந்து, அட்டவணைகளைப் புரட்டி, இடத்தைக் கணித்துக்கொண்டிருப்பார். இன்று நாம் சென்னை நகருக்குக் குடிநீர் தரும் ஏரியாக மட்டுமே அதை அறிவோம்.

போருக்குப் பின் வானொலி வழிகாட்டும் நிலையங்கள் பெருகின. ஆனால் அவை நிலையத்துக்கு அருகில்தான் பயன்படும். தாழப் பறக்கும் சிறு விமானங்களுக்குப் பல வேளைகளில் எட்டுவதில்லை. பெரும் மாற்றம் வானத்திலிருந்து வந்தது.

நாலு செயற்கைக்கோள், ஒரு கடிகாரம்

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கையர், வைஃபென்பாக் என்ற இரு இளைஞர்கள் அதன் ‘பீப் பீப்’ ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம்மைக் கடந்து செல்லும் இரயிலின் ஊதல் ஒலி கம்மிப்போவதுபோல அந்தச் சைகையின் அதிர்வெண்ணும் மாறுவதைக் கண்டு, அதிலிருந்தே செயற்கைக்கோளின் பாதையைக் கணித்துவிட்டார்கள். நம் இடம் தெரிந்தால் கோளின் பாதையை அறியலாம் என்றால், கோளின் பாதை தெரிந்தால் நம் இடத்தை அறியலாம் அல்லவா? இந்தத் தலைகீழ்க் கேள்வியிலிருந்தே செயற்கைக்கோள் வழிகாட்டுமுறை பிறந்தது. ஜி.பி.எஸ். அமைப்பின் முதல் கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1995-இல் அமைப்பு முழுமை பெற்றது.

இது முதலில் படைகளுக்கென அமைக்கப்பட்டது. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி விலகிச் சோவியத் வான்பரப்பில் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, முழுமை பெற்றதும் இதைப் பொதுமக்களுக்கும் இலவசமாக அளிப்போம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. ஆனாலும் எம்டன் பாடம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சைகையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து, சுமார் நூறு மீட்டர் வரை தவறு வருமாறு செய்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில்தான் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள்.

இதன் அடிப்படை நம் பழைய வானாய்வுக் கூடத்தின் அடிப்படையேதான்: நேரமே இடம். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளிலும் அணுக் கடிகாரம் உண்டு. ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது’ என்று அது இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. சைகை நம்மை அடைய எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். நம் கையிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையைக் கண்டுபிடிக்க நான்காவது கோள். அன்று பத்து விநாடிப் பிழை நாலரைக் கி.மீ. ஆயிற்று, இங்கோ ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே 300 மீட்டர் போய்விடும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி, அந்த உயரத்திலுள்ள கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கி.மீ.க்கு மேல் பிழை சேர்ந்துவிடும்.

தென்னிந்தியாவுக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதன் இருபுறமும் வளிமண்டலத்தின் மேலடுக்காகிய அயனி மண்டலம் கொந்தளிப்பானது. முக்கியமாகச் சூரியன் மறைந்த பின் சில மணி நேரம் செயற்கைக்கோள் சைகைகள் விண்மீன்போல் மினுமினுக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்த திருத்தக் கணக்கு இங்கே பொருந்தாது. ஆகவே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ‘ககன்’ என்ற அமைப்பை உருவாக்கின. நாடெங்கும் 15 நிலையங்கள் ஜி.பி.எஸ். சைகையின் பிழையை நொடிதோறும் அளக்கின்றன. திருத்தங்களை நில நிலைக் கோள்கள் விமானங்களுக்கு அனுப்புகின்றன. 2015-இல் விமானம் தரையிறங்கும் வழிகாட்டலுக்கும் சான்று பெற்றது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் ராஜஸ்தானத்தின் கிஷன்கர் விமான நிலையத்தில் ஒரு பயணிகள் விமானம் இதைக் கொண்டு தரையிறங்கியது.

திரையில் நகரும் வரைபடம்

இப்போது பழைய பிரச்சினைக்குத் திரும்புவோம். இந்திய வரைபடங்கள் 1830-ஆம் ஆண்டு எவரெஸ்ட் கணித்த பூமி வடிவத்தை ஆதாரமாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவதோ 1984-இல் வகுத்த உலகப் பொது வடிவம். ஒரே கோபுரத்துக்கு இரண்டு முறைகளும் தரும் எண்கள் வெவ்வேறு. சென்னைப் பகுதியில் இந்த வேறுபாடு நூறு மீட்டரைத் தாண்டும். கருவி பிழையில்லாமல் சொன்னாலும், பழைய தாள் வரைபடத்தில் அதைக் குறித்தால் விமானம் ஓடுபாதைக்கு வெளியே நிற்கும். லாம்டன் காலத்துப் பேய் மறுபடி எழுந்துவிட்டது என்று சொல்லலாம். உலக விமானப் போக்குவரத்து நிறுவனம் 1998-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து எல்லா நாடுகளும் உலகப் பொது வடிவத்தையே பயன்படுத்த வேண்டும் என்று விதித்தது. நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கான வரைபடங்களையும் அந்த முறைக்கு மாற்றிற்று.

இதன் பிறகே கணிப்பொறி வரைபடம் சிறு விமானிக்கு முழுப் பயன் தந்தது. ஆகாய எல்லைகள், நுழையத் தடை செய்யப்பட்ட பகுதிகள், புகைபோக்கிகளின் உயரம், அருகிலுள்ள ஓடுபாதை எல்லாம் திரையில் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. காற்றை முன்கூட்டி அறிய வேண்டியதில்லை. விமானம் மெய்யாக நகரும் திசையையும் அதன் மூக்கு நோக்கும் திசையையும் ஒப்பிட்டுக் கருவியே காற்றைக் கணக்கிட்டுவிடுகிறது. வின்சென்ட் இதைப் பார்த்திருந்தால் மாயம் என்றே எண்ணியிருப்பார்.

என்றாலும், என் கருத்தில் இந்தத் திரைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அது விமானியின் கண்ணைச் சன்னலிலிருந்து கீழே இழுத்துவிடுகிறது. தன் இடத்தை அறிவது வேறு, தன்னைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதை அறிவது வேறு. கடலிலும் இதுதான் நிலைமை. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் விடியுமுன் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. இக்காலத்துக் கப்பல் எதுவும் செயற்கைக்கோள் கருவி இல்லாமல் கடலில் செல்வதில்லை. ஆனாலும் மோதல் நேர்ந்தது; கொட்டிய எண்ணெயை எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் தொண்டர்கள் வாளிகளால் அள்ளினார்கள்.

மற்றொன்று இன்னும் கொடியது. கருவி விமானிக்கு இடத்தைச் சொல்கிறது; தேடுகிறவர்களுக்குச் சொல்வதில்லை. 2015-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் மாலை சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பிய கடலோரக் காவல் படையின் டார்னியர் விமானம் இரவில் தொடர்பு அறுந்து மறைந்தது. அதிலிருந்த மூவரும் மாண்டார்கள். சிதைவுகளைக் கடலடியில், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. 2016-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் சென்ற ஏ.என்.-32 விமானத்தின் சிதைவுகளோ 2024-ஆம் ஆண்டு ஜனவரியில்தான், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடைத்தன. சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி அவற்றைப் படம் பிடித்தது. காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த ஏழரை ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும்!

எதிரியின் தொல்லையும் ஓய்ந்துவிடவில்லை. பொய்ச் சைகைகளை அனுப்பி விமானத்தின் கருவியை ஏமாற்றும் முயற்சிகள் மேற்காசியப் பகுதியில் பெருகியதால், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2023-ஆம் ஆண்டு நவம்பரில் எச்சரிக்கைச் சுற்றறிக்கை விடுத்தது. பயிற்சிப் பள்ளிகளில் இன்றைக்கும் காந்தத் திசைகாட்டியும் ‘அறுபதுக்கு ஒன்று’ கணக்கும் கற்பிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காசிமேட்டில் இறங்கிய ககன்

விமானத்துக்காக ஏற்பட்ட ககன் அமைப்பு எதிர்பாராத ஓர் இடத்திலும் பயன்படுகிறது. காசிமேட்டு மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கரையிலுள்ள கோபுரத்தையும் மரத்தையும் பின்னர் புகைபோக்கியையும் ஒன்றோடொன்று நேர்படுத்திப் பார்த்துக் கடலில் இடம் குறித்து வந்தவர்கள். இது லாம்டனின் முக்கோணக் கணக்கேதான். தாளும் பென்சிலும் இல்லை, அவ்வளவே. கரை மறைந்துவிட்டால் இந்த முறை நின்றுவிடும். அந்தக் குறையைப் படகில் வைத்த ஜி.பி.எஸ். கருவி தீர்த்தது. வலை சிக்கிக் கிழியும் பாறை எங்கே, மீன் கிடைத்த இடம் எங்கே என்பது கருவியில் எண்களாகச் சேர்ந்தது.

ஆனால் 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைத்தொலைபேசி கரையிலிருந்து சில கி.மீ. தூரத்துக்கு மேல் எடுக்காது. தன் இடம் தெரிந்தும், புயல் வருவது தெரியாமல் பலர் மாண்டனர். இதன் பின் 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற சிறு கருவி வெளியிடப்பட்டது. விமானங்களுக்குத் திருத்தங்களை அனுப்பும் அதே ககன் செயற்கைக்கோள், புயல் எச்சரிக்கையையும் அலையின் உயரத்தையும் மீன் திரளும் இடங்களையும் இதற்கு அனுப்புகிறது. கருவி அதைப் பெற்றுக் கைத்தொலைபேசிக்கு மாற்றித் தருகிறது. கரையிலிருந்து 300 கடல் மைல் வரை இது எட்டும். ஆனால் பெறுவதோடு சரி. படகிலிருந்து பதில் அனுப்ப இதனால் முடியாது. ஆபத்தில் உதவி கேட்க வேறொரு கருவி வேண்டும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் வகுத்த ஆபத்துச் சைகைக் கருவி 2010 முதல் அந்தப் பணியைச் செய்கிறது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வழிந்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடியபோது, கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் மேலே பறந்து படலத்தின் பரப்பைப் பார்வையிட்டது. 1932-இல் வழி தேடி வந்த விமானி தேடியிருக்கக்கூடிய அதே முகத்துவாரந்தான். கீழே படகுகளில் நின்றவர்கள் கறுத்த வலைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.